கதவில்லாத ஒன்பது வீடுகள்

என் கையெழுத்து நன்றாக இருந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

தமிழ் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து ஓசூருக்கு, அக்காள் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காளின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். அவர் மலேரியா இன்ஸ்பெக்டர். தளி முதல் அஞ்செட்டி வரை உள்ள மலையூர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டின் உட்சுவரிலும் மருந்து தெளிக்க வேண்டும். சுவரில் அமரும் கொசு அதனால் சாகும். தெளிப்புக் குழுவினர் ஊரை அறியாதவர்கள். அவர்கள் கையில் இருக்கும் வரைபடம்தான் அவர்களுக்கு வழிகாட்டி. ஊர்க் கணக்கரான கர்ணத்திடமிருந்து கிராம வரைபடத்தை வாங்கி, அதைப் படியெடுத்து, அதன்மேல் வீட்டுக்கு ஒரு புள்ளியும் புள்ளிக்கு ஓர் எண்ணும் இடவேண்டும். அதே எண்ணைக் காவியால் வீட்டுக் கதவில் எழுதியிருப்பார்கள். படத்தில் உள்ள எண் கதவில் இருந்தால் மருந்து தெளிக்கப்படும். வேலை முழுவதும் இந்த ஒரு பொருத்தத்தில்தான் நின்றது.

மாமாவுக்குக் கோடு வராது. அவர் வரைந்த ஓர் ஓடையைப் பார்த்து மேலதிகாரி, "இது கள்ளுக் குடிச்சிட்டு வந்த ஓடையா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தபடியே, என் முன் ஒரு கட்டுக் காகிதத்தையும் மசிக்கூட்டையும் வைத்தார்.

"பாப்பா, உன் கையில எறும்பு ஊருனாலும் நேர்கோட்டுல ஊரும். கொஞ்சம் போட்டுக் குடும்மா."

"கவர்மெண்டு காயிதத்துல அவளுக்கென்ன வேலை?" என்றாள் அக்காள், அடுப்படியிலிருந்து.

"வரையறது அவ. கையெழுத்து நான். யாருக்குத் தெரியப் போகுது?"

நான் வரைந்தேன், மாமா கையெழுத்திட்டார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை என்பது முதற் காரணம். அழித்து எழுதிய தடம் தெரியாமல் ஒரு தாளை முடிக்கும்போது வரும் நிறைவு இரண்டாவது.

அந்த வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒரே படத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்று தெரிந்தது. வனத்துறைக்காரர் வந்து காட்டெல்லையைப் பச்சை மையால் திருத்திக்கொண்டு போவார். அவ்வாண்டு மாநிலங்களை மொழி பார்த்துப் பிரிக்கும் பேச்சு எங்கும் இருந்தது. எங்கள் தெருவில் இருந்த வழக்கறிஞர் ஒருவர், எந்தெந்த ஊரில் எந்த மொழி என்று வண்ணம் தீட்டுவதற்காக மாமாவின் படங்களை இரவல் கேட்டு வந்தார். தளிக்கு என்ன வண்ணம் இடுவது என்று அவருக்குக் குழப்பம். ஒரே வீட்டில் கணவன் கன்னடமும் மனைவி தெலுங்கும் பேசி, சந்தைக்கு வந்தால் இருவரும் தமிழில் பேரம் செய்கிற ஊர் அது.

"கொசு எந்தப் பாஷைல கடிக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்," என்றார் மாமா. "மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. எங்கள் பேராசிரியை விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்: வீட்டுப் புழக்கத்தில் உள்ள நாற்பது பொருள்களுக்கு ஊருக்கு ஊர் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து, எந்தச் சொல் எந்த ஊரில் என்பதை வரைபடத்தில் குறித்து வரவேண்டும். அதற்காக அடியில் உள்ளது தெரியும் வரைதுணி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். மாமாவின் தாளைக் கீழே வைத்து, ஊர்களையும் ஓடைகளையும் அதன்மேல் படியெடுத்துக்கொண்டேன். யாரிடம் கேட்கிறேனோ அவருடைய ஊரில் ஒரு புள்ளி. புள்ளியின் அருகில் சொல்.

வைகாசியில் மாமாவுக்கு அஞ்செட்டியில் ஒரு வாரம் முகாம். அக்காளையும் என்னையும் அழைத்துச் சென்றார். சந்தை நாளில் நோட்டுப் புத்தகத்துடன் நானும் போனேன். புளியமரத்தடியில் வெண்ணெய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எதிரில் அமர்ந்தேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். ஐந்து மாத வயிறு சேலைக்குள் தெரிந்தது. தன் ஊர் காட்டோரத்தில், ஓடைக்கு அப்பால், ஒன்பதே வீடு என்று சொன்னாள். புள்ளி வைக்கும் இடத்தை என் துணியில் அவளே விரலால் காட்டினாள். ஓடை மடங்கும் இடத்துக்கு மேலே.

என் பட்டியலின்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். கதவு வந்தது.

"கதவுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க அக்கா?"

"எங்கூட்ல பாகிலு. பக்கத்தூட்ல தலுப்பு. வெண்ணெ விக்க வந்தா கதவு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இப்ப கேக்கறயே பாப்பா, இப்ப எங்கூட்ல கதவே இல்ல."

"ஏன்?"

"கோடைக்கு மாட்ட ஓட்டிக்கினு ஆத்துப் பக்கம் பட்டிக்குப் போயிட்டோமில்ல. கதவயும் களட்டித் தூக்கிக்கினு போயிட்டோம். வுட்டுட்டுப் போனா எவனாச்சும் வெறகுக்குக் கொண்டு போயிருவான். அங்க அத கன்னுக்குட்டி அடைக்கற எடத்துக்கு வெச்சுக் கட்டிட்டா சிறுத்தை வராது. போன வருசம் மருந்தடிக்கறவங்க அதுல நம்பரு எழுதிட்டுப் போனாங்க. முப்பத்தஞ்சு. இப்ப முப்பத்தஞ்சாம் நம்பரு காட்டுல சிறுத்தைக்குக் காவல் நிக்குது!"

பக்கத்தில் கீரை விற்றவள், "சிறுத்தைக்குப் படிக்கத் தெரியுமாடி?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நோட்டில், "கதவு: பாகிலு, தலுப்பு, கதவு" என்று எழுதி, அடுத்த சொல்லான உரலுக்குப் போனேன்.

ஓசூருக்குத் திரும்பிய பத்தாம் நாள், அஞ்செட்டிப் பகுதியின் படங்களைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. மாமாவின் ஆள் ஒருவர் ஊர் ஊராக நடந்து எழுதி வந்த கணக்கெடுப்பு நோட்டு ஒரு பக்கம். சென்ற ஆண்டின் படம் ஒரு பக்கம். நோட்டில், கீழூரும் அதன் மேட்டுக் குடியிருப்பும் சேர்ந்த ஒரு கிராமத்துக்கு நேரே இப்படி இருந்தது: "31 முதல் 39 வரை கதவில்லை. ஆளில்லை. பாழ்."

பாழ்வீட்டுக்குப் புள்ளி இடக்கூடாது என்பது அலுவலக விதி. இல்லாத வீட்டைத் தேடிக் குழு காட்டில் அலையக் கூடாது என்பதற்காக. விதிப்படி ஒன்பது புள்ளிகளையும் நான் விட்டுவிட்டேன். அதை என் தவறு என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அதற்குப் பின் ஒன்று செய்தேன். முப்பதுக்கு அடுத்து நாற்பது என்று படம் தாவுவது என் கண்ணை உறுத்தியது. எவரும் சொல்லாமலே, நாற்பதை முப்பத்தொன்றாக்கி, அடுத்தடுத்த எண்களையும் மாற்றி, அறுபத்தெட்டில் முடிந்த வரிசையை ஐம்பத்தொன்பதில் முடித்தேன். தாள் அழகாக வந்தது. மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குது," என்று சொல்லிக் கையெழுத்திட்டார். குழு அதை எடுத்துக்கொண்டு மலையேறி, படமே சரி என்று நம்பி, கீழே உள்ள வீடுகளின் கதவுகளில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதி, மருந்து தெளித்து, வேலை முடிந்தது என்று இறங்கியும் வந்துவிட்டது. அவர்கள் அடுத்து உத்தனப்பள்ளிப் பக்கம் போனார்கள்.

ஆனி பிறந்து முதல் மழை பெய்தது. கல்லூரி திறக்க மூன்று வாரம் இருந்தது. என் சொற்படத்தை முடிப்பதற்காக, ஓடைகளின் போக்கைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க எண்ணி, மாமாவின் புதிய தாளின் நகலை மேசையில் விரித்து அதன்மேல் என் வரைதுணியைப் போட்டேன். ஊர்கள் ஊர்கள்மேல் பொருந்தின. என் புள்ளி ஒவ்வொன்றின் கீழும் மாமாவின் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தன. ஓடை மடங்கும் இடத்துக்கு மேலே இருந்த என் ஒரு புள்ளியின் கீழ் மட்டும் வெறும் தாள் இருந்தது. புள்ளியின் அருகே என் கையெழுத்தில் 'பாகிலு' என்று எழுதியிருந்தது.

துணி நகர்ந்திருக்கும் என்று எண்ணி மறுபடி பொருத்தினேன். நகரவில்லை. அதன்பின் அவள் சொன்னது ஒவ்வொரு வாக்கியமாக, அவள் குரலிலேயே நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து. கன்றுக்குட்டி. சிறுத்தை. முதல் மழை விழுந்துவிட்டது. மாட்டையும் கதவையும் எடுத்துக்கொண்டு அவர்கள் கேழ்வரகு விதைக்க வீடு திரும்பியிருப்பார்கள். ஒன்பது வீட்டுச் சுவரிலும் மருந்து இல்லை. காய்ச்சல் காலம் மழையோடு வருவது. அவளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் பிள்ளை தங்குவது கடினம் என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லவில்லை.

மாமாவின் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அந்த வாரத்தில் மேலதிகாரி சோதனைக்கு வருவதாக இருந்தது; அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்துத்தான் நிரந்தரம். படத்தை வெளியாள் வரைந்தாள், அதுவும் எண்ணை மாற்றி வரைந்தாள் என்று தெரிந்தால் மாமாவின் கையெழுத்துக்கு என்ன பொருள்? அக்காள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்து என் நெற்றியிலும் திருநீறு இட்டாள். அதிகாரி போகட்டும், பிறகு சொல்வோம் என்று முடிவு செய்தேன். அவர் புதன்கிழமை வருவதாகச் சொல்லி, மழையால் அடுத்த திங்கட்கிழமை வந்தார். நான் காத்திருந்தது எட்டு நாள்.

கூடத்தில் அவர் படங்களைப் புரட்டிய ஓசை அடுப்படிக்குக் கேட்டது. "இந்த மாதிரி ஒவ்வொரு தாலுக்காவுலயும் ஒருத்தர் வரைஞ்சா போதும்யா," என்றார். "ஒரு நம்பர் விட்டுப்போகல பாருங்க!" அக்காள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நான் காப்பித் தம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மாமாவிடம் சொன்னேன்.

"பாழ்வீடுன்னு நோட்டுல இருந்தா நீ என்னம்மா பண்ணுவ?" என்றார் முதலில். "நம்பரு இடையில விட்டுப்போயிருந்தா நம்ம ஆளுங்களே கேட்டிருப்பானுங்களே, ஒம்பது வூடு எங்கடான்னு."

"விட்டுப்போகல மாமா. நான் மாத்தி எழுதிட்டேன்."

"ஏன்?"

துணியைத் தாளின்மேல் விரித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"எட்டு நாளாச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. அக்காள்தான், "உங்களுக்காகத்தானே வாய மூடிக்கிட்டு இருந்தா!" என்று அழத் தொடங்கினாள். மாமா எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, உத்தனப்பள்ளியில் இருந்த குழுவுக்கு ஆள் அனுப்பினார்.

குழு மறுநாளே புறப்பட்டது. ஓடையில் வெள்ளம் போனதால் திரும்பி வந்தது. மூன்று நாள் கழித்து மாமாவே இரண்டு ஆட்களுடன் போனார். பஸ் அஞ்செட்டி வரைதான். அதற்கு மேல் தெளிக்கும் பம்பையும் மருந்து டின்னையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்களாம். போகும்போது, வெண்ணெய் விற்கும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி, அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பார்த்து வரும்படி கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த மாமாவின் வேட்டி முழங்கால்வரை சேறாக இருந்தது. குளித்து, உண்டு, அதன் பிறகுதான் பேசினார்.

"அஞ்சு வூட்ல காய்ச்சல். மாத்திரை குடுத்திருக்கேன்."

"அவங்களுக்கு?"

"அந்தப் பொண்ணும் படுத்துத்தான் கெடக்குது."

அடுத்த நாள் காலையில் அந்தக் கிராமத்தின் தாளை என்முன் வைத்தார். "ஒம்பது புள்ளி வை. நம்பரு நான் போட்டுக்கறேன்." கீழே உள்ள வீடுகளின் கதவுகளில் முப்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்பது வரை எழுதியாகிவிட்டதால், பழைய எண்களைத் திரும்பத் தர வழியில்லை. ஒன்பது வீடுகளுக்கும் அறுபது முதல் அறுபத்தெட்டு வரை, கோணலான தம் கையெழுத்தில் எழுதினார். அதன்பின் எந்தத் தாளையும் அவர் என்னிடம் தரவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பினேன். ஆடியில் அக்காளின் கடிதம் வந்தது. வேலை நிரந்தரமான செய்தி முதலில் இருந்தது. கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் குறுக்கே எழுதியிருந்தாள்: "நீ விசாரித்த வெண்ணெய்க்காரிக்கு ஏழாம் மாதத்திலேயே ஆகிவிட்டதாம். பிள்ளை தங்கவில்லை. அவள் எழுந்து நடமாடுகிறாள். நீ மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே."

கொசு கடித்து எத்தனை நாளில் காய்ச்சல் வரும் என்று மாமாவுக்கு எழுதிக் கேட்டேன். பத்து நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம் என்று பதில் வந்தது. அவர்கள் வீடு திரும்பிய நாள் எனக்குத் தெரியாது. ஆகவே அந்த எட்டு நாளில் நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை முடியவில்லை. என்றாலும், எண்களை மாற்றாமல் விட்டிருந்தால் வைகாசியிலேயே குழு மேலே போயிருக்கும். வெறும் வீடானாலும் சுவரில் மருந்து பல வாரம் நின்றிருக்கும். இதில் ஐயமில்லை.

என் சொற்படத்தைப் பேராசிரியை வகுப்பில் எல்லோரிடமும் காட்டினார். ஒரே பொருளுக்கு மூன்று மொழிச் சொல்லும் வழங்கும் ஊர் என்று ஓடை மடக்குப் புள்ளியைச் சுட்டிக்காட்டி, இதுதான் அரிய சான்று என்றார். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

பொங்கல் விடுமுறையில் ஓசூர் வந்து, அக்காளிடம் சொல்லிவிட்டு, சந்தை நாளில் பஸ் ஏறி அஞ்செட்டிக்குப் போனேன். புளியமரத்தடியில் அவள் இருந்தாள். முகம் கறுத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"சொல்லு கேக்கற பாப்பாவா? இன்னும் எவ்ளோ சொல்லு இருக்குது ஒனக்கு?"

"சொல்லு கேக்க வரல அக்கா. சும்மா உங்களைப் பாக்கத்தான்."

"நான் என்னா கோயிலா, பாக்க?" என்று சிரித்தாள். பிறகு கேட்காமலே சொன்னாள். "ஒடம்பு செரியில்லாம போச்சு. வவுத்துல இருந்ததும் போச்சு. எங்கூர்ல அஞ்சாறு பேருக்கு. அப்புறம் இன்ஸ்பெட்டர் ஒருத்தரு நல்லவரு, சேத்துல நடந்து வந்து மருந்தடிச்சாரு. நம்பரு இப்ப கதவுல எழுதறதில்ல. செவுத்துல எழுதிட்டாங்க. அறுவத்தி நாலு. கதவுல முப்பத்தஞ்சு, செவுத்துல அறுவத்தி நாலு. எது எங்கூடுன்னு எங்களுக்கே தெரியல."

"அறுபத்து நாலுதான் அக்கா."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"அந்தப் படம் நான் வரைஞ்சது."

அவள் வெண்ணெய் உருண்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீயா? அப்ப மொதல்ல எங்கூர எதுக்கு வுட்டுட்ட? பட்டியிலருந்து வர்றப்பவே கீழூரு ஆளுங்க சொன்னாங்க, படத்துல ஒங்க ஊரே இல்லயாம்னு."

"கதவில்லன்னு நோட்டுல எழுதியிருந்தது. பாழ்வீடுன்னு... நம்பரையும் நான்தான் மாத்தினேன்."

அவள் சட்டிக்குள் கைவிட்டு, விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயைச் சட்டியின் விளிம்பில் வழித்தாள்.

"நான் ஒனக்குச் சொன்னனே, பாப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை, சரிபார்ப்பவளைப்போல் கேட்டாள். "கதவப் பட்டிக்குத் தூக்கிக்கினு போயிட்டோம்னு. இதே எடத்துல ஒக்காந்து சொன்னன். நீ எழுதிக்கினயே."

"சொன்னீங்க. அதை எழுதிக்கல."

"அப்ப என்னாத்த எழுதின?"

நான் அதற்கு விடை சொல்லத் தொடங்குமுன் ஒருவர் வந்து தெலுங்கில் விலை கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பி, தெலுங்கிலேயே பேசி, இலையில் வெண்ணெயை வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அடுத்து வந்தவள் கன்னடக்காரி. நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன். அவள் நிமிரவில்லை. ஓசூர் பஸ் ஊதியது, போய் ஏறிக்கொண்டேன்.